முன்னாள் போலீஸ்காரர் டிவியில் மனம் திறந்தால் எப்படிக் கேட்பது

இருட்டு அறை, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், பக்கத்தில் யாரும் தொடாத ஒரு டம்ளர் தண்ணீர். எழுபது வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தக் காலத்துல எல்லாரும்தான் வாங்கினோம்" என்று ஆரம்பிக்கிறார். நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். உள்ளே இருந்தவரே சொல்கிறார், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும்.

போலீஸ் லஞ்சம் பற்றிய இந்த மாதிரி ஆவணப்படங்களை நான் நிறையப் பார்ப்பேன். பார்த்த சூட்டோடு நாலு பேரிடம் அளந்துவிட்டு, பிறகு அதில் பாதிதான் சரி என்று தெரிந்து அசடு வழிந்ததும் உண்டு. அதற்கப்புறம் கையில் ஒரு தாளும் பேனாவும் இல்லாமல் இவற்றைப் பார்ப்பதில்லை. வழி ரொம்ப எளிது: வேலையில் இருந்தபோது தன் முன்னால் நிறுத்தப்பட்ட ஆளை அவர் எப்படி விசாரித்திருப்பாரோ, அப்படியே அவரையும் விசாரிக்க வேண்டியது. (அடிக்காமல் விசாரிக்கத் தெரிந்த போலீஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) எதிரில் இருப்பவர் அழுகிறாரா என்று அவர் பார்க்கமாட்டார். எந்த வருடம், எந்த இடம், கூட யார், பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்றுதான் கேட்பார்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள்

திரையின் கீழே "முன்னாள் காவல்துறை அதிகாரி" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள்.

வாங்க மறுத்தவர் ஒரு வகை. நியூயார்க்கின் ஃபிராங்க் செர்பிகோ இந்த வகை. மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார், நகர நிர்வாகம் வரை சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்காமல் கடைசியில் விஷயம் 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. அதன் பிறகுதான் போலீஸ் ஊழலை விசாரிக்க நாப் ஆணையம் என்ற ஒன்றை மேயர் அமைத்தார். 1971 பிப்ரவரியில் ஒரு போதைப்பொருள் ரெய்டில் அவர் முகத்தில் குண்டு பாய்ந்தது, பிழைத்து வந்து அந்த வருடக் கடைசியில் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்.

வாங்கி, மாட்டிக்கொண்டு, அப்ரூவராக மாறியவர் இன்னொரு வகை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜாக் ஹெர்பர்ட் என்று ஒருவர் இருந்தார். மாமூல் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலை அவருடையது, 1970-களின் நடுவில் போலீஸ் வேலையை விட்ட பிறகும் அந்த வேலையை விடவில்லை. வழக்குத் தொடரமாட்டோம் என்ற உறுதி வாங்கிக்கொண்டுதான் 1988-ல் வாயைத் திறந்தார்.

தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டு, இழக்க ஒன்றுமில்லாமல் கதை சொல்ல வந்தவர் வேறு வகை. கேமராவுக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

கடைசியில் ஒருவர் இருக்கிறார், பெரிய பதவியில் ஓய்வு பெற்றவர், எந்த வழக்கிலும் சிக்காதவர், "எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது" என்பவர். என் கணக்கில் ரொம்ப ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டியது இவரைத்தான். கண் முன்னால் நடந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்வியைப் படம் எடுத்தவர் கேட்டாரா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் அதையும் தாளில் எழுதுங்கள்.

வகை தெரிந்ததும் பேசின தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசினால் உதை விழும் நேரத்தில் பேசினாரா, எல்லாம் ஆறிப் போன பிறகா? 1987 மே 11 அன்று ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சி குயின்ஸ்லாந்து போலீஸ் ஊழலைக் காட்டியபோது, மதுக்கடை, விடுதி, சூதாட்டம் கவனிக்கும் பிரிவில் முன்பு வேலை பார்த்த நைஜல் பவல் அதில் பேசினார். அப்போது யாரைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியதோ அந்தப் போலீஸ் ஆணையர் டெரி லூயிஸ் நாற்காலியில்தான் இருந்தார். அதே பேச்சை எல்லாரும் ஓய்வு பெற்றபின் ஒருவர் பேசுவது வேறு. ஹாங்காங்கில் 1977-ல் போலீஸ்காரர்களே தெருவில் இறங்கிப் போராடி, அந்த வருடம் ஜனவரி 1-க்கு முந்தைய பெரும்பாலான லஞ்சக் குற்றங்களை ஊழல் தடுப்பு ஆணையம் கிளறாது என்ற பொது மன்னிப்பை வாங்கினார்கள். அப்படியொரு மன்னிப்புக்குப் பிறகு ஒருவர் பழைய கதை சொன்னால் பொய் என்று ஆகிவிடாது, ஆனால் அந்தப் பேச்சுக்கு அவர் காலணா செலவழிக்கவில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

தமிழில் யார் செய்தது என்பது வினையின் வாலில் இருக்கும். வாங்கினேன், வாங்கினோம், வாங்கினார்கள், வாங்கப்பட்டது, வாங்குவது வழக்கம், வாங்க வேண்டியதாகிவிட்டது. ஒரே பணம்தான், ஒவ்வொரு வாலுக்கும் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய் கடைசியில் காணாமலே போய்விடுகிறார்.

நானே ஒரு வாக்கியம் கற்பனை செய்கிறேன், இந்த மாதிரிப் படங்களில் வருவது போல: "அப்போ டிபார்ட்மென்ட்ல அப்படி ஒரு பழக்கம் இருந்தது, புதுசா வர்றவங்களுக்கும் கொடுக்கப்படும், நான் அதைப் பெருசா எடுத்துக்கல." எவ்வளவு மனம் திறந்த பேச்சு மாதிரி இருக்கிறது! இப்போது பிரித்துப் பாருங்கள். பழக்கம் இருந்தது, சரி, யார் வைத்த பழக்கம்? கொடுக்கப்படும் என்றால் கொடுத்தது யார்? நான் என்று வருகிறது, ஆனால் எடுத்துக்கொள்ளாதது பணத்தையா, விஷயத்தையா? மூன்று துண்டு, ஒன்றில்கூட வாங்கின ஆள் கிடையாது. தாளில் "நான்" என்று ஒரு பத்தி, "அவர்கள்" என்று ஒரு பத்தி போட்டு, கெட்ட காரியம் ஒவ்வொன்றும் எதன் கீழ் விழுகிறது என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரத்தில் படம் தெளிந்துவிடும். நல்ல காரியம் எல்லாம் "நான்" பக்கமும் கெட்டது எல்லாம் "அவர்கள்" பக்கமும் சேர்ந்திருந்தால், உங்கள் எதிரில் இருப்பது வாக்குமூலம் என்ற பெயரில் ஒரு சுயபுராணம்.

டப்பிங்கில் பார்ப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் "நாங்கள்" என்றும் "நாம்" என்றும் பிரிக்கிறோம். அவர் தன் சகாக்களைச் சேர்த்துச் சொன்னதை டப்பிங்காரர் "நாம எல்லாரும் அப்படித்தானே" என்று போட்டுவிட்டால் வாங்கின கூட்டத்தில் பார்க்கிற நீங்களும் ஒருவராகிவிடுகிறீர்கள், தலையும் ஆட்டிவிடுகிறீர்கள். முடிந்தால் மூலக் குரலோடு, எழுத்தை வைத்துப் பாருங்கள்.

பணம் போன வழியைக் கேளுங்கள்

உண்மையில் உள்ளே இருந்தவருக்கும் கேள்விப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். "கோடிக்கணக்கில் புரண்டது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பங்கு பிரித்தவருக்குத்தான் சில்லறை விதிகள் தெரியும்.

நாப் ஆணையத்தின் அறிக்கையில் இதற்கு அருமையான ஒரு உதாரணம் இருக்கிறது. நியூயார்க்கில் சூதாட்டத்தைப் பிடிக்கவென்றே மஃப்டியில் போகும் பிரிவுகள் இருந்தன. அவர்களே சூதாட்ட இடங்களிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ வசூலித்தார்கள், ஒரு இடத்திலிருந்தே 3,500 டாலர் வரைகூட. சேர்ந்த பணத்தை மாதாமாதம் பங்கு போட்டார்கள். தலைக்கு வரும் பங்கு மிட்டவுன் மன்ஹாட்டனில் 300, 400 டாலர், ஹார்லெமில் 1,500. மேற்பார்வை அதிகாரி கூட்டு சேர்ந்தால் அவருக்கு ஒன்றரைப் பங்கு. இதுவரை எந்தக் கொள்ளைக் கூட்டத்துக்கும் பொருந்தும் கணக்குதான். அடுத்ததைப் பாருங்கள்: புதிதாக மாற்றலாகி வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் பங்கு கிடையாது, நம்பலாமா என்று சோதிக்கும் காலம் அது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, அவர் அந்தப் பிரிவை விட்டுப் போகும்போது இரண்டு மாதப் பங்கைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். லஞ்சத்துக்குப் பணிக்கொடை! இதை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. ஒருவர் பேச்சில் இந்த மாதிரி அற்பமான, கொஞ்சம் சிரிப்பு வரவைக்கிற, அலுவலக வாசனை அடிக்கிற விவரம் வந்தால் பேனாவை எடுத்து அடிக்கோடு போடுங்கள். இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க முடிகிற விவரமும் அதுதான்.

அதனால் தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கொடுத்தது யார், வசூலித்தது யார், எங்கே வைத்தார்கள், எப்படிப் பிரித்தார்கள், மேலே எதுவரை போனது, வாங்க மறுத்தவருக்கு என்ன ஆனது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஹாங்காங் போலீஸில் புழங்கியதாகச் சொல்லப்படும் பேச்சு ஒன்று உண்டு, லஞ்சம் ஒரு பஸ், ஏறிக்கொள்ளலாம், ஏறப் பிடிக்காவிட்டால் கூடவே ஓடலாம், முன்னால் மட்டும் போய் நிற்காதே என்று. பேசுகிறவர் ஏறினவரா, ஓடினவரா என்பதை அவர் வாயால் கேட்டாக வேண்டும்.

இதில் இன்னொரு பிரிவினையும் உதவும். தானாக வந்ததை வாங்கிக்கொண்டவர்களை "புல் மேய்பவர்கள்" என்றும் தேடிப் போய்ப் பிடுங்கியவர்களை "இறைச்சி தின்பவர்கள்" என்றும் நாப் அறிக்கை பிரித்தது. டிவிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களைப் புல் பக்கம் நிறுத்திக்கொள்வார்கள். டீக்காசு, பண்டிகைக்கு ஒரு பாட்டில், அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் அந்த ஆணையமே புல் மேய்பவர்களைச் சாதாரணமாக விட்டுவிடவில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம், லஞ்சத்தை மரியாதைக்குரிய காரியமாக்கியதும், உண்மை சொல்ல நினைத்தவனைத் துரோகி என்று ஒதுக்கவைத்ததும் அவர்கள் கூட்டம்தான் என்றது. ஆகவே "நான் சின்ன மீன்" என்று ஒருவர் சொன்னால் ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

யார் பெயர் வருகிறது என்றும் பாருங்கள். பல நாடுகளில் செத்தவர் சார்பில் அவதூறு வழக்குப் போட முடியாது, அதனால் இறந்துபோன இன்ஸ்பெக்டர்களின் பெயர் தாராளமாக வரும், உயிரோடு இருப்பவர் "ஒரு மூத்த அதிகாரி" ஆகிவிடுவார். அதில் பேசுகிறவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, தயாரிப்பாளரின் வக்கீல் வெட்டியிருப்பார். ஆனால் எல்லாப் பாவமும் கல்லறையில் கொண்டுபோய் இறக்கப்பட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

எடிட்டிங்கை மறந்துவிடாதீர்கள்

அவர் மூன்று மணி நேரம் பேசியிருப்பார், நமக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். முகம் தெரியும்போது வரும் வாக்கியம் அநேகமாக அவர் சொன்னபடியே இருக்கும். குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, திரையில் பழைய புகைப்படமோ மழையில் நனையும் தெருவோ சைரன் விளக்கோ வருகிறதா, அங்கே இரண்டு துண்டுகளை ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஒட்டு எல்லாமே மோசடி இல்லை, இருமலையும் "அது வந்து"களையும் எடுக்கக்கூட அப்படித்தான் செய்வார்கள். ஆனால் முக்கியமான ஒப்புதல் வாக்கியம் முகம் இல்லாமல் வந்தால் ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்.

நடித்துக் காட்டும் காட்சிகளுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள் என்பேன். உறை கைமாறும் காட்சியை அவ்வளவு அழகாக எடுத்திருப்பார்கள், பத்து நாள் கழித்து நாம் அதை நிஜமாகவே பார்த்ததாக மனதில் பதிந்திருக்கும். நிஜப் பதிவு வேறு மாதிரி இருக்கும், அசிங்கமாக, மங்கலாக. 1990-களில் சிட்னியில், போலீஸ் ஊழலை விசாரித்த வுட் ராயல் கமிஷனுக்காக டிரெவர் ஹேக்கன் என்ற துப்பறிவாளர், தானும் பங்கு வாங்கிக்கொண்டிருந்தவர், தன் காரில் ரகசியக் கேமரா வைத்துக்கொண்டு சகாக்களோடு வலம் வந்தார். காரின் முன் இருக்கையில் பணம் கைமாறும் அந்தப் படத்தில் இசை கிடையாது, சோம்பலான அரட்டை மட்டும்தான். அதற்கும் நடிப்புக் காட்சிக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

ஒருவரே இரண்டு காலத்தில் பேசியிருந்தால் இன்னும் நல்லது, இரண்டையும் தேடிப் பிடித்துப் பாருங்கள். நியூயார்க்கின் மைக்கேல் டவுட் போதைக் கும்பல்களோடு சேர்ந்து சம்பாதித்த போலீஸ்காரர், 1992-ல் கைதானவர். 1993-ல், அங்கே போலீஸ் ஊழலை விசாரித்த மோலன் ஆணையத்தின் முன் அவர் சொன்ன சாட்சியத்தின் பதிவு இருக்கிறது, அதற்கு இருபது வருடம் கழித்து, சிறையிலிருந்து வந்த பிறகு ஒரு ஆவணப்படத்தில் பேசியதும் இருக்கிறது. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளும், பல தடவை சொல்லிப் பழகிய கதையைக் கைதட்டல் வரும் இடம் தெரிந்து சொல்லும் ஆளும் ஒருவரே. முதலாவதில் இருந்து இரண்டாவதில் விடுபட்டது எது, புதிதாக முளைத்தது எது என்று ஒப்பிட்டால் போதும்.

யாரைக் கூப்பிடவில்லை

லஞ்சக் கதை கேட்க ஜாலியாக இருக்கும். ஏமாந்தவன் சூதாட்டக்காரன், ஏமாற்றியவன் போலீஸ்காரன், நமக்கென்ன என்று சிரித்துவிடலாம். அதனால்தான் இவர்கள் பணத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஜோடித்த வழக்குகளைப் பற்றிப் பேசுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர் ரஃபேல் பெரெஸ், சாட்சியப் பொருட்கள் வைக்கும் அறையிலிருந்து கொக்கெய்ன் திருடி மாட்டிக்கொண்டு, தண்டனையைக் குறைத்துக்கொள்ள 1999-ல் வாயைத் திறந்தபோது வெளியே வந்த முக்கியமான விஷயம் கொக்கெய்ன் இல்லை. 1996-ல் அவரும் அவர் கூட்டாளியும் ஹாவியர் ஒவாண்டோ என்ற நிராயுதபாணி இளைஞனைச் சுட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைப் போட்டு வழக்கை ஜோடித்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்த ஆளுக்கு 23 வருடச் சிறைத் தண்டனை கொடுத்திருந்தது நீதிமன்றம். பெரெஸ் பேசிய பிறகுதான் விடுதலை.

படம் பார்க்கும்போது ஒவாண்டோவின் நாற்காலி எங்கே என்று கேளுங்கள். மாமூல் கொடுத்த கடைக்காரர், பொய் வழக்கில் உள்ளே போனவர், மறுத்ததால் தூரமாக மாற்றப்பட்ட சக போலீஸ்காரர், இவர்களில் ஒருவராவது பேசுகிறாரா? ஒருவருமே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் முன்னாள் அதிகாரி மட்டும் பேசினால், விசாரணையில் ஒரு தரப்பு மட்டும்தான் ஆஜரானது என்று குறித்துக்கொண்டு அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

படம் முடிந்ததும்

தாளில் அடிக்கோடு போட்ட விவரங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் துரத்தினால் தூக்கம் போய்விடும். ஆண்டும் ஊரும் தெரிந்தால் பழைய செய்தித்தாள், நீதிமன்றத் தீர்ப்பு, விசாரணை ஆணைய அறிக்கை மூன்றில் ஒன்றில் தடம் இருக்கும். ஆணைய அறிக்கைகள் பார்க்கத் தடிமனாகப் பயமுறுத்தும், ஆனால் படிக்க சுவாரசியமானவை. குயின்ஸ்லாந்து நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாளே விசாரணை அறிவிக்கப்பட்டது, ஆறு வாரத்தில் முடியும் என்று நினைத்தார்கள். டோனி ஃபிட்ஸ்ஜெரால்டு தலைமையில் அது 1989 ஜூலை வரை போனது, 339 சாட்சிகள். மேலே சொன்ன ஹெர்பர்ட், தான் ஆணையர் லூயிஸுக்கே பணம் கொடுத்ததாகச் சொன்னது இந்த விசாரணையில்தான். லூயிஸுக்கு 1991-ல் 14 வருடச் சிறை. தான் நிரபராதி என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

துண்டு வீடியோவை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கேள்வியை வெட்டிவிட்ட பதில் பெரும்பாலும் வேறு அர்த்தம் தரும்.

தாளை நான் நடுவில் மடித்து வைத்துக்கொள்வேன், ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் அவர் சொன்னது. இந்தப் பழக்கம் வந்தது வில்லியம் பிலிப்ஸ் கதையைப் படித்த பிறகு. விபச்சார விடுதி நடத்திய ஒரு பெண்ணிடம் மாமூல் பேசியது ரகசியமாகப் பதிவாகி, நாப் ஆணையத்திடம் சிக்கி, அவர்களுக்காகவே வேலை செய்யத் தொடங்கிய போலீஸ்காரர். 1971 அக்டோபரில் அவர் சாட்சியம் டிவியில் ஓடியது, நகரமே வாய் பிளந்து பார்த்தது. பார்த்தவர்களில் ஒரு துப்பறிவாளரும் உண்டு. 1968-ல் ஒரு விடுதியில் நடந்த, துலங்காத இரட்டைக் கொலையில் தேடிக்கொண்டிருந்த ஆளின் முகம் இது மாதிரி இருக்கிறதே என்று அவருக்குப் பொறி தட்டியது. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை, 1974-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2007-ல்தான் வெளியே வந்தார். என் தாளில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தில் கொலை வழக்கு என்று எழுதியிருக்கிறேன். மறுபக்கத்தில் மாமூல் பற்றி அவர் சொன்னதில் எதையும் அதற்காக நான் அடிக்கவில்லை.